குண்டு வெடித்தால் கட்டிடம் தாங்குமா? உள்ளே இருப்பவர்கள் தப்பிப்பார்களா? கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சோதிப்பது எப்படி?

2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம் மோதியபோது காலை மணி 8.46. அந்த நேரத்தில் இரண்டு கோபுரங்களிலும் சேர்த்து இருந்தவர்கள் சுமார் 17,400 பேர்.

உண்மையில் இது குறைவான எண்ணிக்கை. அன்று நியூயார்க்கில் உள்ளூர்த் தேர்தல் வாக்குப்பதிவு. பள்ளிகள் திறந்திருந்த நேரம். ஆபீஸ் நேரமும் முழுசாகத் தொடங்கவில்லை. பலர் வழியில் இருந்தார்கள்.

சரி, எல்லாரும் வந்து சேர்ந்திருந்தால்? ஒவ்வொரு கோபுரமும் நிரம்பி, தலா 19,800 பேர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தக் கேள்வியை அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வு நிறுவனமான 'நிஸ்ட்' ஒரு கம்ப்யூட்டரிடம் கேட்டது. கம்ப்யூட்டருக்குள் கோபுரம், படிக்கட்டுகள், மனிதர்கள் எல்லாவற்றையும் உருவாக்கி, வெளியே ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் வெளியேற 3 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. ஆனால் வடக்குக் கோபுரம் நின்றது 102 நிமிடம். தெற்குக் கோபுரம் நின்றது வெறும் 56 நிமிடம். படிக்கட்டுகள் போதாமலேயே சுமார் 14,000 பேர் இறந்திருக்கக்கூடும் என்பது நிஸ்ட்டின் கணக்கு.

நடக்காத ஒரு விஷயத்தை, நடந்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. இதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள். இன்று உலகின் முக்கியக் கட்டிடங்கள் பலவற்றில் பாதுகாப்பை மதிப்பிட இந்த முறை பயன்படுகிறது. இது எப்படி வேலை செய்கிறது? இதை எவ்வளவு நம்பலாம்? பார்க்கலாம்.

சுருக்கமாக

- தாக்குதல் எப்போது நடக்கும் என்று சிமுலேஷன் சொல்லாது. நடந்தால் எதனால் அதிகம் பேர் இறப்பார்கள் என்று சொல்லும்.
- பல சம்பவங்களில் குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றது கட்டிடம் இடிந்து விழுந்ததுதான்.
- கண்ணாடி, படிக்கட்டு, வெளியேறும் வழி ஆகியவை உயிரைத் தீர்மானிக்கும் மூன்று விஷயங்கள்.
- மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதுதான் கணக்கிடக் கடினமானது.

மாக் டிரில் வேறு, சிமுலேஷன் வேறு

தமிழக கடலோர மாவட்டங்களில் 'சாகர் கவச்' என்ற பெயரில் பாதுகாப்பு ஒத்திகை நடப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தீவிரவாதி வேடத்தில் போலீஸ்காரர்களே ஊடுருவ முயல்வார்கள். மற்ற போலீசார் மடக்கிப் பிடிப்பார்கள். இது மாக் டிரில். நிஜ ஆட்கள், நிஜ இடம்.

ஆனால் மாக் டிரில்லில் செய்ய முடியாதவை நிறைய. நிஜக் கட்டிடத்தில் நிஜத் தூணை உடைக்க முடியாது. நிஜத் தீ வைக்க முடியாது. 20,000 பேரை இருட்டில், புகையில் 80 மாடி இறங்கச் சொல்ல முடியாது. ஒருமுறை நடத்தவே நாள் கணக்கில் தயாராக வேண்டும்.

சிமுலேஷனில் இதெல்லாம் முடியும். அதே கட்டிடத்தில், அதே தாக்குதலை ஆயிரம் முறை நடத்திப் பார்க்கலாம். ஒருமுறை கதவை அகலமாக்கி, ஒருமுறை தூணைத் தடிமனாக்கி, ஒருமுறை வாகன நிறுத்தத்தைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு தடவையும் என்ன மாறுகிறது என்று பார்க்கலாம். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது.

அப்போ இது கம்ப்யூட்டர் கேம் மாதிரியா? பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கேமில் சுவர் எப்படி உடையணும் என்று டிசைனர் முடிவு செய்வார். இங்கே இயற்பியல் விதிகள் முடிவு செய்யும்.

கட்டிடத்தின் கம்ப்யூட்டர் மாடலை லட்சக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அது கான்கிரீட்டா, இரும்பா, கண்ணாடியா, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற விவரம் கொடுக்கப்படும். அழுத்தம் வரும்போது ஒரு துண்டு பக்கத்துத் துண்டை எப்படித் தள்ளுகிறது என்று, ஒரு நொடியின் மிக நுண்ணிய பகுதிகளாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும் கம்ப்யூட்டர்.

இப்படிக் கணக்கிடும் பிரபல மென்பொருள்களில் ஒன்று எல்எஸ்-டைனா. 1970-களில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான ஒரு மென்பொருளின் வாரிசு இது. கார் விபத்தில் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று கார் கம்பெனிகள் சோதிப்பதும் இதே மென்பொருளில்தான்.

ஓக்லஹோமா சொன்ன பாடம்: கொன்றது குண்டா, கட்டிடமா?

1995 ஏப்ரல் 19. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் ஆல்ஃபிரட் பி. மர்ரா என்ற 9 மாடி அரசுக் கட்டிடத்தின் வாசலில் லாரி குண்டு வெடித்தது. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். உள்ளே குழந்தைகள் காப்பகம் ஒன்று இயங்கி வந்தது.

சம்பவத்துக்குப் பிறகு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். வெடித்த நேரத்தில் கட்டிடத்துக்குள் இருந்தவர்கள் 361 பேர். இடிந்து விழுந்த பகுதியில் 175 பேர் இருந்தார்கள். அதில் 153 பேர் இறந்துவிட்டார்கள். இடியாத பகுதியில் 186 பேர். இறந்தவர்கள் 10 பேர்.

அதே கட்டிடம், அதே குண்டு. ஒரு பக்கம் 100-க்கு 87 பேர் இறக்கிறார்கள். இன்னொரு பக்கம் 100-க்கு 5 பேர். வித்தியாசம் என்னன்னா, தலைக்கு மேல் இருந்த தளம் நின்றதா, விழுந்ததா என்பதுதான்.

ஏன் அவ்வளவு பெரிய பகுதி விழுந்தது? கட்டிடத்தின் முன்பக்கத்தில், மேல் மாடிகளின் பல தூண்களை மூன்றாவது தள உயரத்தில் இருந்த ஒரே பெரிய விட்டம் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த விட்டத்துக்குக் கீழே தூண்கள் குறைவு. தரைத்தள வாசல் விசாலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல கட்டிடங்களில் செய்யும் ஏற்பாடுதான் இது. வெடிப்பில் கீழ்த் தூண்கள் போனதும், விட்டம் போனது. விட்டம் போனதும், அதை நம்பியிருந்த மேல் மாடிகள் அத்தனையும் சரிந்தன.

சீட்டுக்கட்டு சரிவது போல ஒன்று விழ இன்னொன்று விழும் இந்த நிகழ்வைப் பொறியாளர்கள் 'தொடர் சரிவு' என்கிறார்கள். இதற்குக் குண்டே தேவையில்லை. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-வது மாடியில் சமையல் கேஸ் வெடித்தது. ஒரு சுவர் பிதுங்கியதும் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ் வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். சிறிய வெடிப்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய இடிபாடு.

சிமுலேஷனில் இப்போது முக்கியமாகச் செய்யும் சோதனை இதிலிருந்து வந்ததுதான். மாடலில் ஒரு தூணை அப்படியே காணாமல் போகச் செய்வார்கள். எந்தக் குண்டு, எவ்வளவு பெரியது என்ற கேள்வியே கிடையாது. "இந்தத் தூண் போனால் சுமை வேறு வழியில் தரைக்குப் போகுமா?" என்பது மட்டும்தான் கேள்வி. போகும் என்றால் பாஸ். மேல் மாடி சரிந்தால் ஃபெயில். அடுத்து இரண்டாவது தூணை எடுத்துப் பார்ப்பார்கள். இப்படி வரிசையாக.

ஃபெயில் ஆனால் என்ன செய்வார்கள்? தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே கம்பிகளைத் தொடர்ச்சியாகக் கட்டுவது, நிலநடுக்கம் வரும் பகுதிகளில் செய்வது போல இணைப்புகளை வளைந்துகொடுக்கும்படி செய்வது போன்றவைதான் தீர்வு. மர்ரா கட்டிடத்தை ஆய்வு செய்த நிபுணர் குழுவும் நிலநடுக்கப் பகுதிகளுக்கான கட்டுமான முறை இருந்திருந்தால் இடிபாடு கணிசமாகக் குறைந்திருக்கும் என்றுதான் சொன்னது.

வெளியே இருப்பவருக்கும் ஆபத்து: கண்ணாடி

1998 ஆகஸ்ட் 7. கென்யாவின் நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே தாக்குதல். 213 பேர் பலி. ஆயிரக்கணக்கானோர் காயம். காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் தூதரகத்துக்குச் சம்பந்தமே இல்லாத, அக்கம்பக்கத்துக் கட்டிடங்களில் இருந்த கென்யர்கள்.

அங்கே நடந்த ஒரு விஷயம் இன்றும் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. பெரிய குண்டு வெடிப்பதற்கு முன் வாசலில் துப்பாக்கிச் சத்தமும், சின்ன வெடிச்சத்தமும் கேட்டன. என்ன சத்தம் என்று பார்க்கப் பலர் ஜன்னலுக்கு ஓடினார்கள். அடுத்த சில நொடிகளில் பெரிய குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அத்தனையும் அவர்கள் முகத்தில். நிறையப் பேருக்குக் கண் பறிபோனது.

கொழும்பும் இதைப் பார்த்த நகரம்தான். 1996 ஜனவரி 31 அன்று இலங்கை மத்திய வங்கி மீது நடந்த லாரி குண்டுத் தாக்குதலில் 91 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த உயரமான கட்டிடங்களின் கண்ணாடிச் சில்லுகளால் பார்வை இழந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

இதில் சிமுலேஷன் என்ன செய்யும்? வெடிப்பின் அழுத்த அலை எந்த ஜன்னலை எவ்வளவு வேகத்தில் அடிக்கும், கண்ணாடி உடைந்தால் சில்லு அறைக்குள் எவ்வளவு தூரம் பாயும் என்று அறை அறையாகக் கணக்கிடும். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே குறுகலான தெருவில் அந்த அலை சுவரில் மோதித் திரும்பி வலுப்பதையும் காட்டும். இதைக் கையால் கணக்குப் போடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

தீர்வு அவ்வளவு விலை உயர்ந்ததும் இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் கண்ணாடி போட்டால், உடைந்தாலும் சில்லு பறக்காது. படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். காரின் முன்பக்கக் கண்ணாடி அப்படித்தான் செய்யப்படுகிறது. பழைய கட்டிடம் என்றால் உள்பக்கம் ஃபிலிம் ஒட்டலாம்.

எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு, தூரம். வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். அதனால்தான் முக்கியக் கட்டிடங்களுக்கு முன்னால் கான்கிரீட் தடுப்புத் தூண்களும், பெரிய பூந்தொட்டிகளும் வைக்கிறார்கள். அழகுக்கு வைத்தது போல இருக்கும். லாரி கிட்டே வரக்கூடாது என்பதுதான் விஷயம். நியூயார்க்கில் இடிந்த கோபுரங்கள் இருந்த இடத்தில் கட்டப்பட்ட புதிய கோபுரத்தின் வடிவமைப்பே, 2005-ல் அந்நகர போலீஸ் எழுப்பிய பாதுகாப்புக் கவலைகளுக்குப் பிறகு மாற்றப்பட்டு, சாலையிலிருந்து தள்ளிவைக்கப்பட்டது.

தீயும் நேரமும்: இரட்டைக் கோபுரம் ஏன் விழுந்தது?

நிஸ்ட் நடத்திய விசாரணை இந்தத் துறையின் மிகப் பெரிய சிமுலேஷன் வேலைகளில் ஒன்று. 2005-ல் கோபுரங்கள் பற்றிய அறிக்கை வந்தது. மூன்று கட்டமாகக் கணக்குப் போட்டார்கள்.

முதலில், விமானம் மோதி எந்தெந்தத் தூண் உடைந்தது? இரண்டாவது, விமான எரிபொருளும் ஆபீஸ் மேசை நாற்காலி, பேப்பரும் எரிந்து தீ எப்படிப் பரவியது? மூன்றாவது, அந்தச் சூட்டில் இரும்பு எப்படித் தளர்ந்தது?

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் கம்ப்யூட்டரை மட்டும் நம்பவில்லை. ஆபீஸ் மேசை, கம்ப்யூட்டர், பேப்பர் எல்லாம் வைத்து நிஜமாகவே எரித்துப் பார்த்து, கம்ப்யூட்டர் சொன்ன சூடும் நிஜச் சூடும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்கள். அன்று எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான போட்டோ, வீடியோக்களில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்குத் தீ தெரிந்தது என்பதோடும் ஒப்பிட்டார்கள்.

முடிவு? மோதலில் தூண்கள் உடைந்தது மட்டும் காரணம் இல்லை. இரும்பின் மேல் பூசியிருந்த தீத்தடுப்புப் பூச்சு மோதலில் உதிர்ந்துபோனது. அந்தப் பூச்சு உதிராமல் இருந்திருந்தால் கோபுரங்கள் நின்றிருக்க வாய்ப்பு அதிகம் என்றது அறிக்கை. இந்த விசாரணையின் முடிவில் நிஸ்ட் 30 பரிந்துரைகளைக் கொடுத்தது.

அவற்றில் சில சட்டமாயின. அமெரிக்காவின் மாதிரிக் கட்டிட விதித்தொகுப்பின் 2009 பதிப்பில், 420 அடிக்கு மேல் உயரமான கட்டிடங்களுக்குக் கூடுதலாக ஒரு படிக்கட்டு வேண்டும் என்று வந்தது. உயர்ந்த கட்டிடங்களின் படிக்கட்டுகளில் இருட்டிலும் ஒளிரும் கோடுகள் வேண்டும் என்பதும் வந்தது.

மனிதர்களைக் கணக்குப் போட முடியுமா?

கான்கிரீட்டுக்கு விதி இருக்கு. மனிதனுக்கு?

கூட்டத்தைக் கணக்கிட 1995-ல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு மனிதரையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள். வாசல் அவரை இழுக்கிறது. சுவரும் பக்கத்தில் இருப்பவரும் தள்ளுகிறார்கள். இந்த இழுப்பு, தள்ளு விசைகளைக் கூட்டினால் அவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று தெரியும்.

2000-ல் ஹெல்பிங் குழு வெளியிட்ட ஆய்வில் ஒரு ஆச்சரியம் இருந்தது. எல்லாரும் வேகமாக ஓட முயன்றால், வாசலில் நெருக்கியடித்து அடைப்பு ஏற்பட்டு, மொத்தக் கூட்டமும் மெதுவாகவே வெளியேறுகிறது. பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. ஆனால் எந்த வேகத்தில், எந்த அகலக் கதவில் அடைப்பு தொடங்கும் என்று எண்ணிக்கையில் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

ஆனால் நிஜச் சம்பவங்களை ஆராய்ந்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. சினிமாவில் காட்டுவது போல எல்லாரும் உடனே அலறிக்கொண்டு ஓடுவதில்லை. நேர் எதிர். ஆபத்து என்று தெரிந்த பிறகும் மனிதர்கள் தாமதிக்கிறார்கள்.

இரட்டைக் கோபுரத்தில் தப்பியவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள் கேட்டது இதுதான்: பலர் வீட்டுக்குப் போன் செய்தார்கள், கம்ப்யூட்டரை அணைத்தார்கள், பையை எடுத்தார்கள், என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார்கள். அதன் பிறகே படிக்கட்டுக்குப் போனார்கள். தப்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதே இல்லை.

இதற்கு மாறான பக்கமும் உண்டு. தெற்குக் கோபுரத்தில் விமானம் மோதுவதற்கு முன் 16 நிமிட இடைவெளி இருந்தது. பக்கத்துக் கோபுரம் எரிவதைப் பார்த்துத் தாங்களாகவே கிளம்பியவர்களும், லிஃப்ட் இயங்கியதும் சேர்ந்து சுமார் 3,000 உயிர்களைக் காப்பாற்றியதாக நிஸ்ட் மதிப்பிட்டது.

அதனால் இன்றைய மாடல்களில் ஒவ்வொரு 'ஆளுக்கும்' தனித்தனிக் குணம் கொடுக்கிறார்கள். ஒருவர் உடனே கிளம்புவார், ஒருவர் 5 நிமிடம் தாமதிப்பார். ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பார். ஒருவர் குழந்தையைத் தேடித் திரும்பிப் போவார். பெரும்பாலானோர் அருகில் இருக்கும் அவசர வழியை விட்டுவிட்டு, உள்ளே வந்த அதே வாசலுக்கே போவார்கள். இங்கிலாந்தின் கிரீனிச் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பில்டிங் எக்ஸோடஸ்' போன்ற மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன.

காவலர்களை எங்கே நிறுத்துவது?

கட்டிடம் எப்படி இருக்கிறது என்பது ஒரு பாதி. அதைக் காவல் காப்பது இன்னொரு பாதி. இதிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

ஒரு பிரச்சினையைப் பாருங்கள். ஏர்போர்ட்டுக்குப் பல நுழைவு வழிகள். எல்லாவற்றிலும் எப்போதும் சோதனை நடத்த ஆள் இல்லை. தினமும் ஒரே இடத்தில் சோதனை நடத்தினால், நோட்டம் பார்க்க வருபவருக்கு அது தெரிந்துவிடும். சும்மா மனம்போன போக்கில் மாற்றினால், முக்கியமான வழி விட்டுப்போகலாம். தவிர, மனிதர்கள் தங்களை அறியாமலே ஒரு ஒழுங்குக்குள் விழுந்துவிடுவார்கள்.

இந்திய வம்சாவளி ஆய்வாளர் மிலிந்த் தாம்பேயின் குழு இதற்கு 'ஆர்மர்' என்ற மென்பொருளை உருவாக்கியது. 2007 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் வாகனச் சோதனை, மோப்ப நாய் ரோந்து நேரங்களை அது தீர்மானிக்கத் தொடங்கியது. எதிராளி நம்மை நோட்டம் விடுகிறார் என்று வைத்துக்கொண்டே, அவர் என்ன முடிவெடுப்பார் என்று கணக்கிட்டு, யாராலும் ஊகிக்க முடியாதபடி, அதே சமயம் முக்கிய இடங்களுக்கு அதிக கவனம் கிடைக்கும்படி அட்டவணை போடும். சதுரங்கத்தில் எதிராளியின் அடுத்த காயை யோசிப்பது போலத்தான்.

இதை எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கலர் கலராக ஸ்கிரீனில் கட்டிடம் இடிவதைப் பார்த்தால் எல்லாம் நிஜம் என்று தோன்றும். ஆனால் சிமுலேஷனுக்கு எல்லை உண்டு.

- கொடுப்பதுதான் கிடைக்கும். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் கம்பி என்று இருந்து, கட்டும்போது மேஸ்திரி 16 மில்லிமீட்டர் போட்டிருந்தால், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அவசர வழியின் முன் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பதும் தெரியாது.
- தாக்குதல் நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. அது உளவுத்துறையின் வேலை. எந்த மாதிரித் தாக்குதலைச் சோதிப்பது என்று மனிதர்கள்தான் தேர்வு செய்கிறார்கள். யாரும் யோசிக்காத ஒன்று நடந்தால், அது மாடலில் இருக்காது.
- எதிராளி மாறுவார். நிலநடுக்கம் நம் தடுப்பைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்ளாது. தீவிரவாதி மாற்றிக்கொள்வார். முன்வாசலைப் பலப்படுத்தினால், வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் கூட்டம் இலக்காகலாம்.
- ஒற்றை எண்ணை நம்பக்கூடாது. "எல்லாரும் 11 நிமிடத்தில் வெளியேறுவார்கள்" என்று ஒரே பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல ஆய்வு பலமுறை ஓடவிட்டு, குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று சொல்லும்.

இன்னொரு சிக்கல், பாதுகாப்பும் வெளியேறும் வசதியும் அடிக்கடி மோதிக்கொள்ளும். ஆள் உள்ளே வரக்கூடாது என்று ஐந்து கதவில் நான்கைப் பூட்டினால், தீப்பிடித்தால் அந்த நான்கும் எமனாகிவிடும். ஒருமுறை பூட்டிய நிலையில், ஒருமுறை திறந்த நிலையில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்தக் கதவை உள்ளிருந்து மட்டும் திறக்கும்படி மாற்றினால் இரண்டும் சரியாகும் என்பது தெரியவரும். சிமுலேஷனின் நிஜப் பலன் பெரும்பாலும் இந்த மாதிரி சாதாரண முடிவுகளில்தான் இருக்கிறது.

முடிவுகளை ஏன் வெளியிடுவதில்லை?

ஒரு கட்டிடத்தின் பலவீனம் எது என்று சொல்லும் அறிக்கை, தப்பான கையில் கிடைத்தால் அதுவே ஆயுதம். அதனால் இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கட்டிடங்களின் ஆய்வு முடிவுகள் ரகசியமாகவே வைக்கப்படும். பொதுவெளிக்கு வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே இடிந்த கட்டிடங்களைப் பற்றிய விசாரணைகளும், பொதுவான வழிகாட்டிகளும்தான். ஓக்லஹோமாவும் இரட்டைக் கோபுரமும் திரும்பத் திரும்பப் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் என்ன நிலை?

2008 நவம்பர் 26-ல் தொடங்கிய மும்பை தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே தாஜ் ஹோட்டல் இடிந்து விழவில்லை. பிரச்சினை வேறு. பழைய கட்டிடம், சுற்றிச் சுற்றிப் போகும் தாழ்வாரங்கள், உள்ளே நூற்றுக்கணக்கான விருந்தினர்கள், மேலே தீ. கமாண்டோக்கள் கட்டிடத்தின் உள்ளமைப்பு தெரியாமல் திணறினார்கள் என்பது அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. இன்னொரு பக்கம், சமையலறைப் பாதைகளும் ஊழியர் வழிகளும் அத்துப்படியான ஹோட்டல் ஊழியர்கள், தங்கள் உயிரைப் பணயம் வைத்து விருந்தினர்களை வெளியே கொண்டுவந்தார்கள்.

அதாவது, கட்டிடத்தின் வழிகள் யாருக்குத் தெரியும் என்பதே அங்கே உயிரைத் தீர்மானித்தது. ஒரு கட்டிடத்தின் முழு டிஜிட்டல் மாடல் தயாராக இருந்தால், அது ஆய்வுக்கு மட்டும் பயன்படாது; உள்ளே நுழையும் மீட்புப் படைக்கு வழிகாட்டியாகவும் இருக்கும்.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு, 2009-ல் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டன. டெல்லி பக்கத்திலிருந்து கமாண்டோக்கள் பறந்து வர வேண்டியிருந்த தாமதத்தைக் குறைப்பதுதான் நோக்கம். கட்டுமானப் பக்கத்தில், வெடிப்பைத் தாங்கும் கட்டிடங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 4991 1968-லேயே வெளியானது. 2016-ல் வந்த தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்புக்கு என்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. எத்தனை படிக்கட்டு, எவ்வளவு அகலம், வெளியேற எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதெல்லாம் அதில் வரும்.

பிரிட்டன் வேறு வழியில் போயிருக்கிறது. 2017 மே 22-ல் மான்செஸ்டர் அரங்கில் நடந்த குண்டுத் தாக்குதலில் 22 பேர் இறந்தார்கள். அதில் மகனை இழந்த ஃபிகன் மர்ரே என்ற தாயின் பல ஆண்டுப் பிரசாரத்தின் பலனாக 2025 ஏப்ரலில் 'மார்ட்டின் சட்டம்' ஒப்புதல் பெற்றது. 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்கள், தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளும் தேவை. இவை நடைமுறைக்கு வர அவகாசமும் தரப்பட்டிருக்கிறது. சட்டம் கேட்பது கம்ப்யூட்டர் மாடலை இல்லை. "யார் கதவைத் திறப்பார், யார் அறிவிப்புச் செய்வார்" என்ற தெளிவைத்தான்.

நமக்கு இதில் என்ன?

உங்கள் அபார்ட்மென்டுக்கோ ஊர்க் கல்யாண மண்டபத்துக்கோ யாரும் எல்எஸ்-டைனாவில் சோதனை நடத்தப்போவதில்லை. ஆனால் இத்தனை வருடச் சிமுலேஷனும் விசாரணைகளும் சொன்னதில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில இருக்கின்றன. தீவிரவாதத் தாக்குதல் என்று இல்லை. தீ விபத்துக்கும் இவை பொருந்தும்.

1. மால், தியேட்டர், மண்டபம் எங்கே போனாலும், உள்ளே வந்த வாசலைத் தவிர இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பத்து நொடி வேலை.
2. ஆபீஸ் உயரமான கட்டிடத்தில் இருந்தால், மாதத்துக்கு ஒருமுறையாவது படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். கீழே கதவு திறக்கிறதா, தெருவுக்குப் போகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.
3. வெளியே பெரிய சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். கண்ணாடியை விட்டு விலகுங்கள்.
4. அலாரம் அடித்தால் பை, சார்ஜர், லேப்டாப் என்று தேடாதீர்கள். போனை வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.
5. படிக்கட்டில் சாமான் அடுக்கியிருந்தாலோ, அவசரக் கதவில் பூட்டுத் தொங்கினாலோ நிர்வாகத்திடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள்.

இரட்டைக் கோபுரங்களில் விமானம் மோதிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள். 1993-ல் அதே கட்டிடத்தில் நடந்த குண்டுவெடிப்பில் 6 பேர் இறந்தார்கள். அப்போது இருட்டிலும் புகையிலும் சிலர் வெளியே வர 4 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்குப் பிறகுதான் படிக்கட்டுகளில் ஒளிரும் பெயின்ட் அடித்தார்கள், அவசர விளக்குகளை மாற்றினார்கள், வருடா வருடம் ஒத்திகை நடத்தினார்கள். எட்டு வருடம் கழித்து ஆயிரக்கணக்கானோர் கீழே இறங்கி வந்தது அந்தப் படிக்கட்டுகளில்தான்.